லீவு விட்டாச்சு... தீம் பார்க் போறீங்களா? கூட்டத்தில் சிக்கித் திணறாமல் இருக்க இதைப் படிங்க!

பரீட்சை முடிந்த மறுநாளே வீடுகளில் நச்சரிப்பு ஆரம்பமாகி விடும். "எப்பப்பா தீம் பார்க் போறோம்?" என்று குட்டீஸ்கள் அப்பாவைப் பிடித்துக் கொள்வார்கள். அப்பாவும் "ஞாயிற்றுக்கிழமை போலாம்" என்பார். ஊரில் உள்ள எல்லா அப்பாக்களும் அதே ஞாயிற்றுக்கிழமையைத்தான் சொல்லியிருப்பார்கள் என்பது கிழக்கு கடற்கரைச் சாலையில் சுங்கச்சாவடி வரிசையில் கார் நிற்கும்போதுதான் தெரியும்.

இஞ்சம்பாக்கம் வி.ஜி.பி., முட்டுக்காடு எம்.ஜி.எம்., பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூர் சாலையில் உள்ள குயின்ஸ்லேண்ட், திருப்போரூர் பக்கம் இள்ளலூரில் 2025 டிசம்பரில் திறந்த வொண்டர்லா... சென்னைவாசிகளுக்கு இடத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் மே மாத ஞாயிறு, காணும் பொங்கல், கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரையிலான வாரம் இதில் எந்த நாளில் போனாலும் எங்கேயும் கூட்டம் அலைமோதும். நாலு பேருக்கு டிக்கெட், லாக்கர், டிரெஸ் வாடகை, சாப்பாடு என்று பல ஆயிரம் காலியாகி, சாயங்காலம் கணக்குப் பார்த்தால் ஏறியது மூணே மூணு ரைடு. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சண்டை.

கூட்டத்தை யாராலும் குறைக்க முடியாது. ஆனால் கூட்டம் எப்ப வரும், எங்கே சேரும், எப்ப கலையும் என்பது கிட்டத்தட்ட கடிகாரம் மாதிரி. அது தெரிந்தவர்கள் அதே ஞாயிற்றுக்கிழமையில் ஏழெட்டு ரைடு ஏறிவிட்டு சிரித்துக்கொண்டே வருகிறார்கள்.

எந்த நாள் போகலாம்?

கோடை லீவில் போவதாக இருந்தால் செவ்வாய், புதன், வியாழன் மூன்றும் கொஞ்சம் மூச்சுவிடலாம். வெள்ளி மாலையில் இருந்தே வெளியூர் கூட்டம் சேர ஆரம்பித்து விடும். ஒரு நாள் லீவு போட முடியாதா என்று ஆபீசில் கேட்டுப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை வரிசையில் நிற்கும் நேரத்தைக் கணக்குப் போட்டால் அந்த ஒரு நாள் சம்பளம் பெரிசாகத் தெரியாது.

லீவின் கடைசி வாரம் மோசம். "ஸ்கூல் திறக்கப் போகுது, இன்னும் கூட்டிட்டுப் போகலையே" என்று அதுவரை தள்ளிப் போட்டவர்கள் எல்லாரும் அந்த வாரத்தில்தான் வந்து விழுவார்கள். மாறாக, பள்ளி திறந்த பிறகு ஜூன் பாதியிலும் ஜூலையிலும் சாதாரண நாட்களில் போனால் ராட்டினம் உங்களுக்காகவே சுற்றுவது போல இருக்கும். பீஸ் கட்டி கையைக் கடிக்கும் நேரம் என்பதால் யாரும் வருவதில்லை. பள்ளிக்குப் போகாத சின்னக் குழந்தை உள்ளவர்களுக்கு அதுதான் சரியான காலம்.

வார நாள் என்றால் காலியாக இருக்கும் என்று டிசம்பர், ஜனவரி, பிப்ரவரியில் நம்பிப் போகாதீர்கள். அது ஸ்கூல் டூர் சீசன். ஒரே சீருடையில் ஐந்தாறு பஸ் பிள்ளைகள் இறங்கினால் அரை மணி நேரத்தில் எல்லா வரிசையும் நிரம்பி விடும். போகும் முன்பு பூங்காவுக்கு போன் போட்டு, "நாளைக்கு ஸ்கூல் புக்கிங் இருக்கா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் சொல்லி விடுவார்கள்.

காணும் பொங்கல் தனி ரகம். ஜனவரி 16 அல்லது 17-ல் வரும் அந்த ஒரு நாளில் மெரினா, வண்டலூர், கோவளம், மாமல்லபுரம், தீம் பார்க் எல்லாவற்றுக்கும் சென்னையே கிளம்பும். மாநகர் பஸ்கள் சிறப்பாக விடுவார்கள். அதையும் மீறி பஸ்சுக்கு வெளியே தொங்கும் கூட்டம். கைக்குழந்தையோ, வயதானவர்களோ கூட இருந்தால் அன்றைக்கு தீம் பார்க் வேண்டவே வேண்டாம் என்பது நமது கருத்து. பெரிய பிள்ளைகளாக சேர்ந்து போனால் அது வேறு ஜாலி.

வரிசையின் நீளம் ஏமாற்றும்

இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். வரிசை நீளமாக இருந்தால் நேரமாகும், குட்டையாக இருந்தால் சீக்கிரம் வந்துவிடும் என்று நினைப்போம். அப்படி இல்லை. ஒரு தடவைக்கு எத்தனை பேர் ஏறுகிறார்கள், ஒரு சுற்று எத்தனை நிமிஷம் என்பதுதான் கணக்கு.

உதாரணத்துக்கு, ஊஞ்சல் மாதிரி ஆடும் கப்பல் ராட்டினத்தை எடுத்துக் கொள்ளுங்கள். ஒரு தடவைக்கு 40 பேர் உட்காரலாம் என்று வைப்போம். ஏறி, ஆடி, இறங்க 6 நிமிஷம். உங்களுக்கு முன்னால் 120 பேர் நின்றால் மூணு சுற்று, 18 நிமிஷம். இப்போது தண்ணீர் சறுக்கைப் பாருங்கள். அங்கே ஒருத்தர் கீழே போய்ச் சேர்ந்த பிறகுதான் அடுத்தவரை விடுவார்கள். ஒருத்தருக்கு அரை நிமிஷம் என்றாலும் 60 பேர் இருந்தால் 30 நிமிஷம் ஆகிவிடும். பாதிக் கூட்டம், ஆனால் காத்திருப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு! அதுவும் மாடிப்படியில், ஈரத் துணியோடு, காலில் சிமெண்ட் சூடு.

எந்த ரைடாக இருந்தாலும் வரிசையில் சேரும் முன் ஒரே ஒரு சுற்று நின்று பாருங்கள். எத்தனை பேர் ஏறினார்கள், எவ்வளவு நேரம் ஆச்சு என்று கவனித்தால் மனக்கணக்கிலேயே தெரிந்து விடும். பிள்ளைகளையே கணக்குப் போடச் சொல்லுங்கள், அவர்களுக்கும் பொழுது போகும். இன்னொரு விஷயம், இரண்டு ரயில் ஓட வேண்டிய ரோலர் கோஸ்டரில் ஒன்றுதான் ஓடுகிறது என்றால் வரிசை பாதி வேகத்தில்தான் நகரும். அதையும் பார்த்துக் கொள்ளுங்கள்.

மொத்தக் கணக்கையும் போட்டு விடுவோம். காலை 10 மணிக்கு உள்ளே போய் மாலை 6 மணிக்கு வெளியே வந்தால் 8 மணி நேரம். சாப்பாட்டுக்கு ஒரு மணி, லாக்கர், உடை மாற்றுவது, குளியலுக்கு ஒரு மணி, நடைக்கும் பாத்ரூமுக்கும் அரை மணி. மிச்சம் ஐந்தரை மணி. கூட்ட நாளில் ஒரு ரைடுக்கு முக்கால் மணி என்று வைத்தால் மொத்தமே 7 ரைடு. பூங்காவில் 40 ரைடு இருக்கு என்று விளம்பரத்தில் போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். எந்த ஏழு என்பதை முதல் நாள் ராத்திரியே வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவு பண்ணுங்கள். உயர அளவையும் அப்போதே பார்த்து விடுங்கள். பெரிய ரைடுகளுக்கு இவ்வளவு உயரம் இருந்தால்தான் அனுமதி என்று அளவுக்கோல் வைத்திருப்பார்கள். முக்கால் மணி நேரம் நின்றுவிட்டு, கடைசியில் "தம்பி உயரம் பத்தாது சார்" என்று திருப்பி அனுப்பினால் அந்தப் பிள்ளை அழும் அழுகை இருக்கிறதே...

முதல் இரண்டு மணி நேரம்தான் தங்கம்

கேட் திறக்கும்போது வாசலில் நிற்பவருக்கும், 12 மணிக்கு வருபவருக்கும் ஒரே டிக்கெட் விலைதான். ஆனால் முதல் இரண்டு மணி நேரத்தில் நாலு ரைடு முடித்து விடலாம். மதியத்துக்கு மேல் அதே நாலுக்கு மூன்று மணி நேரம் பிடிக்கும். டிக்கெட்டை ஆன்லைனில் முன்பே எடுத்து விடுங்கள். கவுண்டரில் நிற்பதே ஒரு ரைடு நேரத்தை விழுங்கிவிடும்.

உள்ளே நுழைந்ததும் முதலில் கண்ணில் படும் ராட்டினத்தில் எல்லாரும் போய் ஒட்டிக் கொள்வார்கள். நீங்கள் நிற்காமல் நேராகப் பின் கோடிக்குப் போய்விடுங்கள். அங்கிருந்து முன்னால் வாருங்கள். கூட்டம் ஒரு திசையில் போகும், நீங்கள் எதிர்த் திசையில் வருவீர்கள்.

சில பூங்காக்களில் தண்ணீர் பகுதியை காலையில் திறப்பதில்லை. திறந்திருந்தாலும் காலையில் காய்ந்த ரைடுகளை முடியுங்கள். வெயில் ஏறின பிறகு இரும்பு சீட் கொதிக்கும். சாப்பாட்டை 12 மணிக்கு முன்பே முடித்து விடுங்கள், இல்லாவிட்டால் 3 மணிக்குத் தள்ளுங்கள். எல்லாரும் ஒன்றரை மணிக்கு ஓட்டலில் தட்டோடு நிற்கும்போது ராட்டினங்கள் கொஞ்சம் காலியாக இருக்கும். அதுதான் உங்கள் நேரம். ரைடு ஏறும் முன் வயிறு முட்ட பிரியாணி சாப்பிட்டு விட்டு, கப்பலில் உட்கார்ந்து பக்கத்து சீட்காரர் மேல் கொட்டிய கதைகள் ஏராளம். அரை மணியாவது இடைவெளி விடுங்கள்.

கூடுதலாகப் பணம் கட்டினால் தனி வரிசையில் விடும் டிக்கெட்டும் சில இடங்களில் உண்டு. வருஷத்துக்கு ஒரு தடவை, அதுவும் கூட்ட நாளில்தான் வர முடியும் என்கிறவர்கள் வாங்கலாம், தப்பில்லை. எந்தெந்த ரைடுக்குச் செல்லும் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். குள்ளமான பிள்ளைக்கும் பாட்டிக்கும் சேர்த்து எடுத்து ஏமாறாதீர்கள். சாதாரண வரிசையில் நிற்பவர்களுக்கு அதைப் பார்த்தால் வயிறு எரியத்தான் செய்யும்.

அதே மாதிரி, ஒருத்தரை வரிசையில் நிற்க வைத்துவிட்டு கடைசி நேரத்தில் ஏழு பேர் வந்து சேருகிற பழக்கம் வேண்டாம். பூங்காக்களில் கைகலப்பு வருவதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

25 நிமிஷம் காணாமல் போன குழந்தை

ரைடு போனால் போகட்டும். கூட்ட நாளில் நிஜமான பயம் வேறு. இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

சில வருஷங்களுக்கு முன், ஒரு மே மாத ஞாயிற்றுக்கிழமை. அக்கா குடும்பம், எங்கள் குடும்பம், அம்மா என்று ஒன்பது பேர் ஒரு தீம் பார்க்குக்குப் போயிருந்தோம். அக்கா பெண்ணுக்கு அப்போது 6 வயசு. அலை குளத்தில் இருந்து எல்லாரும் எழுந்து உடை மாற்றும் அறைப் பக்கம் நடந்தோம். அங்கே போய் எண்ணிப் பார்த்தால் ஒரு தலை குறையுது.

"உன் கூடத்தானேடா வந்தா?" என்றாள் அக்கா.

"இல்லக்கா, நீ கையைப் பிடிச்சிட்டிருந்தியே!" என்றேன்.

அவ்வளவுதான். ஒன்பது பேர் போனதால்தான் இந்தக் கதி. ஒவ்வொருத்தரும் இன்னொருத்தர் பார்த்துப்பார் என்று நினைத்தோம். மூணு பேர் போயிருந்தால் இப்படி நடந்திருக்காது.

மைக் ரூமுக்கு ஓடினேன். "என்ன டிரெஸ் சார்?" என்று கேட்டார்கள். "நீல கலர் நைலான் டிரெஸ்" என்றேன். அந்தப் பையன் ஒன்றும் பேசாமல் குளத்தைக் கை காட்டினான். குளத்தில் இருந்த சின்னப் பிள்ளைகளில் பாதிப் பேர் அதே வாடகை டிரெஸ், அதே நீலம்! காலையில் என்ன பூப்போட்ட கவுன் போட்டு கூட்டி வந்தோம் என்பது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு, அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

கையில் போன் நம்பர் எழுதியிருந்தோம். பால்பாயிண்ட் பேனாவில். இரண்டு மணி நேரம் தண்ணீரில் ஊறினால் என்ன மிஞ்சும்? சரி, நம்பர் அழியாமலே இருந்திருந்தாலும் யார் எடுப்பார்கள்? ஒன்பது பேரின் போனும் லாக்கருக்குள். லாக்கர் சாவி மாமா கையில். மாமா தண்ணீர் சறுக்கு வரிசையில்.

25 நிமிஷம் கழித்து கிடைத்தாள். பாப்கார்ன் விற்கிற அம்மா பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து பாப்கார்ன் சாப்பிட்டுக் கொண்டிருந்தாள். அந்த அம்மா நல்ல மனசு, அவளை விடாமல் உட்கார வைத்திருந்தார். "யாரு கூட வந்தே?" "மாமா கூட." "மாமா பேரு என்ன?" "மாமா." அம்மா பேர்? "அம்மா." இதற்கு மேல் அந்த அம்மாவும் என்னதான் செய்வார்? மைக்கில் நாங்கள் சொன்ன பேர், இவள் பள்ளிக்கூடத்தில் கூப்பிடுகிற முழுப் பேர். இவள் சொன்னது வீட்டுச் செல்லப் பேர்.

அன்றைக்குச் செய்த தப்பை வைத்து இப்போது வீட்டில் சில வழக்கம் வைத்திருக்கிறோம். குளிக்கிற டிரெஸ் மாற்றியதும், லாக்கரைப் பூட்டும் முன், எல்லாப் பிள்ளைகளையும் அதே டிரெஸ்சில் நிற்க வைத்து ஒரு போட்டோ. அந்த ஒரு போன் மட்டும் லாக்கருக்குப் போகாது. தண்ணீரில் இறங்காத ஆள் யாராவது ஒருத்தர், எங்கள் வீட்டில் அம்மா, கரையில் நிழலில் உட்கார்ந்து அதை வைத்திருப்பார். பிள்ளைகள் கையில் எழுதுவது அந்த போனின் நம்பரைத்தான். அழியாத மார்க்கர் பேனாவால், இல்லாவிட்டால் நனையாத பட்டையில். காணும் பொங்கல் அன்று மெரினாவில் போலீசார் குழந்தைகள் கையில் நம்பர் எழுதிய பட்டை கட்டி விடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே ஐடியாதான், காசு அதிகம் ஆகாது.

பிள்ளைக்கு அப்பா, அம்மாவின் பெயர் சொல்லத் தெரிய வேண்டும். நாலு வயசிலேயே சொல்லிக் கொடுக்கலாம். "தொலைஞ்சு போனா தேடிக்கிட்டு ஓடாதே, இருந்த இடத்துலயே நில்லு, யூனிபாரம் போட்ட அக்கா, அண்ணன்கிட்ட சொல்லு" என்பதை காரில் போகும்போதே இரண்டு தடவை சொல்லுங்கள். கேட்டுக்கு வெளியே யார் கூப்பிட்டாலும் போகக் கூடாது என்பதையும் சேர்த்து.

பெரியவர்களுக்கும் ஒரு பழக்கம் வேண்டும். ஒருத்தர் பாத்ரூம் போகும்போது "நீ பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு நகரக் கூடாது. எதிராளி "சரி, நான் பாத்துக்கறேன்" என்று வாயால் சொன்ன பிறகுதான் நகர வேண்டும்.

குழந்தையைக் காணோம் என்றால் முதலில் தண்ணீரைப் பாருங்கள். கடை, ராட்டினம், கழிவறை எல்லாம் பிறகு. ஒருத்தர் குளத்துக்கு, ஒருத்தர் வெளியே போகும் கேட்டுக்கு, ஒருத்தர் மைக் ரூமுக்கு என்று உடனே பிரிய வேண்டும். வெட்கப்பட்டு பத்து நிமிஷம் நாமே தேடிப் பார்ப்போம் என்று இருக்காதீர்கள். பூங்கா ஊழியர்களுக்கு இது புதுசு இல்லை. அவசரத்துக்கு போலீஸ் 112, குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

அலை குளத்தில் அலையை விட ஆபத்து...

சைரன் ஊதினால் அலை வரப் போகுது என்று அர்த்தம். சைரன் கேட்டதும் கரையில் இருப்பவர்கள் எல்லாரும் ஓ...வென்று கத்திக்கொண்டு குளத்துக்குள் பாய்வார்கள். சின்னப் பிள்ளைகள் அலையில் விழுவதை விட, இந்த ஓட்டத்தில் பெரியவர்கள் இடித்துத்தான் அதிகம் விழுகிறார்கள். கூட்ட நாளில் சைரன் ஊதும்போது குழந்தையோடு கரை ஓரமாக ஒதுங்குங்கள். முதல் பாய்ச்சல் அடங்கிய பிறகு இறங்கலாம். அலை நிற்கும் வரை நிறைய நேரம் இருக்கு.

தண்ணீரில் மூழ்குகிறவர்கள் சினிமாவில் வருகிற மாதிரி கையை ஆட்டி "காப்பாத்துங்க" என்று கத்துவதில்லை. மூச்சு விடவே முடியாதபோது சத்தம் எங்கிருந்து வரும்? பெரும்பாலும் சத்தமே இல்லாமல் நடந்து முடிந்து விடும். சுற்றிலும் இருநூறு பேர் கத்திக் குதிக்கும் இடத்தில், டியூப்கள் மறைக்க, கரையில் நிற்கும் காவலர் கண்ணில் எல்லாம் படும் என்று நம்பி விட முடியாது. நீச்சல் தெரியாத பிள்ளை உங்கள் கை எட்டும் தூரத்தில்தான் இருக்க வேண்டும். லைப் ஜாக்கெட் கொடுத்தால் வாங்கிப் போடுங்கள், கவுரவம் பார்க்காதீர்கள். காற்று ஊதின டியூபை நம்பி விட்டுவிட்டு வீடியோ எடுக்காதீர்கள்.

பருத்தித் துணியோடு இறங்கக் கூடாது என்று சொல்வது வாடகை டிரெஸ் விற்க மட்டும் இல்லை. பருத்தி தண்ணீரை உறிஞ்சி கனத்துப் போகும். நூல் பிரிந்து தண்ணீர் சுத்தம் செய்யும் எந்திரத்தில் அடைக்கும். சுடிதார் துப்பட்டா, புடவை முந்தானை சறுக்கில் மாட்டினால் விபரீதம். வீட்டில் இருந்தே நைலான் உடை கொண்டு போனால் வாடகையும் மிச்சம், சுத்தமும் நிச்சயம். பிள்ளைக்கு நல்ல ஆரஞ்சு, மஞ்சள் நிறத்தில் வாங்குங்கள். நீலம் வேண்டாம், ஏன் என்று மேலே படித்தீர்கள்.

வயிற்றுப் போக்கு உள்ள குழந்தையை அந்த வாரம் குளத்தில் இறக்கவே கூடாது. மற்ற பிள்ளைகளுக்கும் பரவும். குளத்துத் தண்ணீரை வாயில் எடுத்துத் துப்புகிற விளையாட்டையும் தடுங்கள்.

ஈரமாக இருந்தாலும் வெயில் வெயில்தான்

தண்ணீரில்தானே இருக்கோம், வெயில் என்ன செய்யும் என்று நினைப்பது தப்பு. உடம்பு நனைந்திருப்பதால் வியர்ப்பதும் தெரியாது, தாகமும் தெரியாது. அக்னி நட்சத்திர வெயிலில் வரிசையில் ஒரு மணி நேரம் நின்றால் பெரியவர்களுக்கே தலை சுற்றும்.

2024 அக்டோபர் 6-ந் தேதி மெரினாவில் விமானப்படை சாகச நிகழ்ச்சிக்கு வந்தவர்களில் 5 பேர் இறந்து போனதை சென்னை மறந்திருக்காது. அது மே மாதம் கூட இல்லை. பகல் வெயில், தண்ணீர் கிடைக்காத கூட்டம், முடிந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் கிளம்பியது எல்லாம் சேர்ந்து கொண்டது.

பெரும்பாலான பூங்காக்களில் வெளி உணவை விடுவதில்லை. ஆனால் குழந்தை உணவு, மருந்துக்குப் பொதுவாகத் தடை சொல்வதில்லை. உப்பு, சர்க்கரை கலந்த ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இரண்டு பையில் இருக்கட்டும். அது இல்லாவிட்டால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. கலர் சோடா அதற்கு ஈடாகாது. அரை மணிக்கு ஒரு தடவை பிள்ளைகளுக்கு தாகம் எடுக்காவிட்டாலும் குடிக்கக் கொடுங்கள். தலைவலி, வாந்தி வருகிற மாதிரி இருக்கு என்று சொன்னாலோ, சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனாலோ ரைடை விட்டுவிட்டு நிழலுக்கு வந்து விட வேண்டும். பேச்சு குழறினால், மயங்கினால் 108.

சிமெண்ட் தரை மதியத்தில் தோசைக்கல் மாதிரி கொதிக்கும். ரப்பர் செருப்பு கண்டிப்பாக வேண்டும்.

ராட்டினம் பாதியில் நின்றால்?

2025 மே 27-ந் தேதி இஞ்சம்பாக்கம் வி.ஜி.பி.யில் ஒரு ராட்சத ராட்டினம் அந்தரத்தில் நின்று விட்டது. குழந்தைகள், பெண்கள் உள்பட 36 பேர் சுமார் 3 மணி நேரம் மேலேயே தவித்தார்கள். தீயணைப்பு வீரர்கள் ராட்சத ஏணி வண்டியைக் கொண்டு வந்து ஒவ்வொருவராக இறக்கினார்கள். அத்தனை பேரும் உயிரோடு இறங்கினார்கள். மேலே இருந்தவர்கள் சீட்டை விட்டு எழுந்து இறங்க முயற்சிக்காமல் இருந்ததும் அதற்கு ஒரு காரணம்.

ராட்டினம் நின்றால் உடனே பிய்ந்து விழப்போகிறது என்று அர்த்தம் இல்லை. ஏதாவது ஒரு சென்சார் கோளாறைக் காட்டினாலே தானாக நின்று விடும்படிதான் பெரும்பாலானவற்றை அமைக்கிறார்கள். பெல்ட்டையோ, தோள் கம்பியையோ நீங்களாகத் திறக்கப் பார்க்காதீர்கள். பக்கத்தில் இருக்கும் பிள்ளையிடம் பேசிக்கொண்டே இருங்கள். கண்ணை மூடச் சொல்லுங்கள். கீழே நிற்கும் குடும்பத்தார் ஊழியர்களிடம் தீயணைப்புத் துறைக்குச் சொல்லியாச்சா என்று கேளுங்கள். இல்லையென்றால் நீங்களே 101 அல்லது 112-க்குப் போடுங்கள். பூங்கா ஆட்கள் சரி பண்ணிடுவாங்க என்று மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டாம்.

ஏறும்போதே பெல்ட் சரியாகப் பூட்டவில்லை, கம்பி ஆடுகிறது என்று தோன்றினால் சத்தமாகச் சொல்லி இறங்கி விடுங்கள். பின்னால் நிற்கும் கூட்டம் முணுமுணுக்கும். முணுமுணுக்கட்டும். கூட்ட நாளில் ஊழியர்களும் காலையில் இருந்து நின்று களைத்திருப்பார்கள். ஒவ்வொரு பூட்டையும் இழுத்துப் பார்க்கிறாரா என்று நீங்களும் ஒரு கண் வையுங்கள்.

கிளம்பும் நேரம்

தண்ணீர் பகுதி மூடும் நேரத்தில் எல்லாரும் ஒரே சமயத்தில் குளியலறைக்கு ஓடுவார்கள். அங்கே ஒரு மணி நேர வரிசை. மூடுவதற்கு முக்கால் மணி முன்பே பிள்ளைகளைக் கரையேற்றி விடுங்கள். கெஞ்சுவார்கள், கொஞ்சம் கண்டிப்பு காட்டித்தான் ஆக வேண்டும். உடை மாற்றிய பிறகு ஏதாவது ஒரு சின்ன காய்ந்த ரைடு ஏறலாம் என்று ஆசை காட்டினால் வருவார்கள். அந்த நேரத்தில் அங்கே கூட்டமும் இருக்காது.

கார் நிறுத்தும்போது அந்த இடத்தை போனில் போட்டோ எடுத்து வைத்தீர்களா? இருட்டில் நூறு வெள்ளைக் கார்களுக்கு நடுவே சாவியை அமுக்கிக்கொண்டு அலைகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். லாக்கர் டெபாசிட்டை திருப்பி வாங்கும் கவுண்டரிலும் கடைசி அரை மணியில்தான் கூட்டம். டோக்கனைத் தொலைத்து விட்டால் டெபாசிட் பணம் கிடைக்காமல் போகலாம், பத்திரம்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் 6 மணி முதல் 8 மணி வரை கோவளத்தில் இருந்து திருவான்மியூர் வரை வண்டிகள் ஊர்ந்துதான் வரும். ஒன்று ஐந்து மணிக்கே கிளம்புங்கள், இல்லையா, பூங்காவுக்குள்ளேயே உட்கார்ந்து ராத்திரி சாப்பாட்டை முடித்துக்கொண்டு நிதானமாகக் கிளம்புங்கள். பஸ்சில் வந்தவர்கள் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று காலையில் இறங்கும்போதே கண்டக்டரிடம் கேட்டு விடுங்கள். பைக்கில் வந்தவர்கள் தூங்கி விழும் பிள்ளையை நடுவில் உட்கார வைத்து, துப்பட்டாவால் சேர்த்துக் கட்டிக்கொண்டு ஓட்டுவதை அந்தச் சாலையில் தினமும் பார்க்கலாம். அதைவிட அரை மணி பூங்கா வாசலிலேயே பிள்ளையை மடியில் போட்டு தூங்க வைத்து, எழுப்பி முகம் கழுவி விட்டுக் கிளம்பலாம்.